மண்ணுக்கு அடியிலும் அண்டை வீட்டார் உரிமை

தூய்மையைப் பற்றிப் பேசாத மேடை நம்மிடையே இல்லை. இறைநம்பிக்கையின் பாதியாகத் தூய்மையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள் என்பதை மதரஸாவில் ஓதும் சிறுவனும் அறிவான். நாளொன்றுக்கு ஐந்து வேளை முகமும் கைகால்களும் கழுவி ஒளூச் செய்யும் கடமையுடையவர்கள் நாம். ஆயினும், கழுவிய நீர் எங்கே போய்ச் சேருகிறது என்று எவரேனும் வினவினால் நம்முள் பலருக்கு விடை கூற இயலாது. குழாயின் வழியே சுவரைக் கடந்ததும் அந்நீருக்கும் நமக்கும் உள்ள தொடர்பு அற்றுவிட்டதாகவே எண்ணி வாழ்கிறோம். அவ்வெண்ணம் தவறானது என்பதையும், பாதாளச் சாக்கடை எட்டாத இடங்களில் அத்தவறு அண்டை வீட்டாரின் உடல்நலத்தையும் எளிய தொழிலாளியின் உயிரையும் பறிக்கக்கூடியது என்பதையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகிறோம்.

தமிழ்த்துறை மலரில் சாக்கடையைப் பற்றி எழுதுவதா என்று முகம் சுளிப்போரும் இருக்கலாம். அவர்களுக்கு நம் இலக்கியமே விடை தரும். வீட்டுக் கழிவுநீர் செல்லும் இடத்தைக் குறிக்க 'அங்கணம்' என்னும் சொல்லை வள்ளுவரே ஆண்டிருக்கிறார். நிலத்தடியில் செல்லும் கால்வாயைப் பழந்தமிழர் 'சுருங்கை' என்றனர். மணிமேகலையின் கச்சிமாநகர் புக்க காதையில், மனைகளில் மகளிர் குளித்த நீர் சுருங்கைத் தூம்பின் வழியே சென்று நகர அகழியில் சேரும் காட்சி விரித்துரைக்கப்படுகிறது. கீழடி அகழாய்வில் சுடுமண் உறைகிணறுகளும் குழாய்களும் வெளிப்பட்டிருக்கின்றன. கழிவுநீருக்கு வழி வகுப்பது நகரத்தாரின் பொதுக் கடமை என்பதை உணர்ந்த இனம் நம் இனம். அதனைச் சொல்லாகப் போற்றி, செயலில் மறந்து நிற்கிறோம் என்பதே நம் குறை.

மாத்தூர் காட்டும் பாடம்

வடசென்னையில் மணலிக்கும் மாதவரத்துக்கும் இடையில் அமைந்தது மாத்தூர். நெடுங்காலம் ஊராட்சியாக இருந்த இவ்வூர் 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. அவ்வாண்டில் 42 உள்ளாட்சி அமைப்புகள் மாநகருடன் சேர்ந்தன. 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகரின் பரப்பு 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. எல்லைக்கோட்டை ஓர் அரசாணையால் மாற்றிவிடலாம். நிலத்தடிக் குழாய்களை அவ்வாறு ஒரே நாளில் நீட்டிவிட இயலாது. சென்னையின் பழைய கழிவுநீர் அமைப்பு 1910-ஆம் ஆண்டளவில், 1961-இல் இருக்கக்கூடும் என மதிப்பிடப்பட்ட ஆறரை இலட்சம் மக்களுக்காகத் திட்டமிடப்பட்டது. அதனை ஏற்று நடத்தும் குடிநீர் வாரியம் 1978-இல் தோன்றியது. புறநகர்களுக்குப் பாதாளச் சாக்கடை கட்டம் கட்டமாகவே வந்துகொண்டிருக்கிறது. ஊராட்சிக் காலத்தில் இத்தகைய பகுதிகளில் எழுந்த வீடுகள் பெரும்பாலும் தத்தம் மனைக்குள்ளேயே தொட்டி கட்டிக்கொண்டன.

இதில் ஒரு முரண்பாடும் உண்டு. மாத்தூருக்கு அண்மையில் உள்ள கொடுங்கையூரில் மாநகரின் கழிவுநீர் தூய்மை செய்யப்படுகிறது. அங்கு நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் நீரை மூன்றாம் நிலை வரை தூய்மை செய்யும் ஆலை 2019-இல் இயங்கத் தொடங்கியது. அந்நீர் மணலித் தொழிற்சாலைகளுக்கு விலைக்கு அனுப்பப்படுகிறது. ஆலைகள் கழிவுநீரைப் பொருளாகக் கருதி விலை கொடுத்து வாங்குகின்றன. நாமோ அதே நீரை நம் வீட்டின் அடியில் கண்மூடி விட்டுவிடுகிறோம்.

தொட்டி எவ்வாறு தொழிற்படுகிறது

மக்கள் 'செப்டிக் டேங்க்' என வழங்கும் தொட்டியின் கதை பிரான்சு நாட்டில் தொடங்குகிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூரா என்பவர் அமைத்த மூடிய தொட்டியே இதன் முன்னோடி. 1881-இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் 1890-களில் இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரில் டொனால்டு கேமரான் அதனைச் செம்மைப்படுத்திச் 'செப்டிக்' என்ற பெயரையும் வழங்கினார்.

அதன் இயக்கம் எளியது. வீட்டிலிருந்து வரும் நீர் தொட்டியில் அசைவின்றித் தங்குகிறது. கனமானவை அடியில் மண்டியாகப் படிகின்றன. எண்ணெயும் கொழுப்பும் மேலே ஏடாக மிதக்கின்றன. இடையில் நிற்கும் நீர் மட்டுமே இரண்டாம் அறைக்கும், பின்னர் வெளியேயும் செல்கிறது. காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் மண்டியைச் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. இப்பணி நடைபெற நீர் குறைந்தது ஒரு நாளேனும் தொட்டிக்குள் தங்கவேண்டும். நீர் ஒழுகாத அடித்தளமும் சுவரும், இரண்டு அறைகளும், கூரைக்கு மேல் உயர்ந்து கொசுவலை கட்டிய காற்றுக் குழாயும் இன்றியமையாதவை. அடித்தளம் இல்லாமல் சிமெண்ட் உறைகளை இறக்கி மூடியிட்ட குழியைச் செப்டிக் டேங்க் என்று அழைப்பது பெயரளவில்தான் பொருந்தும். அது மலத்தை நிலத்தடி நீரில் கலக்கும் கிணறேயன்றி வேறன்று.

முறையாகக் கட்டிய தொட்டியிலிருந்து வெளிவரும் நீரும் தூயநீர் அன்று என்பதை நம்மில் பலர் அறியோம். நோய்க் கிருமிகள் அதில் மிகுதியாக உள்ளன. அந்நீரை உறிஞ்சு குழியில் விட்டு, மண்ணைக்கொண்டு வடிகட்டுவதே அடுத்த படி. ஆகவே தொட்டி பாதி வேலையையே செய்கிறது. மறுபாதியை மண் செய்கிறது. அம்மண்ணுக்கு இடமும் நேரமும் வேண்டும்.

அரைக் கிரவுண்டின் கணக்கு

இங்கேதான் நம் வாதத்தின் மையம் உள்ளது. உறிஞ்சு குழி, குடிநீர் எடுக்கும் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர், அதாவது ஏறத்தாழ 60 அடி தள்ளி இருக்கவேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. நிலத்தடி நீர்மட்டம் தரையிலிருந்து 1.8 மீட்டருக்குள், அதாவது 6 அடிக்குள் இருக்கும் இடத்தில் சாதாரண உறிஞ்சு குழி ஏற்றதன்று என்பதும் அவ்விதியின் கருத்து. இனி நம் மனையைப் பார்ப்போம். அரைக் கிரவுண்டு என்பது 1200 சதுர அடி. முப்பது அடிக்கு நாற்பது அடி. மூலைக்கு மூலை அளந்தாலும் 50 அடிதான் வரும். வீட்டையே கட்டாமல் வெறும் மனையாக விட்டு, ஒரு மூலையில் குழியும் எதிர்மூலையில் ஆழ்துளைக் கிணறும் வைத்தாலும் விதி நிறைவேறாது!

இதன் பொருள் யாது? நம் உறிஞ்சு குழியின் எல்லை நம் மதில்சுவரோடு முடிவதில்லை. அண்டை வீட்டாரின் கிணறும் நம் குழியின் எல்லைக்குள் அடங்கும். அவர்தம் குழியின் எல்லைக்குள் நம் கிணறு அடங்கும். பத்திரப் பதிவு அலுவலகம் மேற்பரப்பைத்தான் பங்கிட்டுத் தருகிறது. அடியில் ஓடும் நீரைப் பங்கிட இயலாது. அண்டை வீட்டார் தன் தீங்கிலிருந்து அச்சமற்று இராதவரை ஒருவரின் நம்பிக்கை நிறைவுறாது என்று போதித்த மார்க்கம் நம்முடையது. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையும், நீர்த்துறையிலும் பாதையிலும் நிழலிலும் அசுத்தம் செய்வதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியும் நீர்நிலைக்கு உள்ள விலக்கு, கண்ணுக்குத் தெரியாத நிலத்தடி நீருக்கு இல்லையென்று எவரேனும் வாதிட இயலுமா?

கண்ணுக்குத் தெரியாதது என்பதால் தீங்கு இல்லையென்று ஆகாது. 1854-இல் இலண்டன் பிராடு தெருவில் காலரா பரவியபோது, ஒரு கைப்பம்பு நீரே காரணம் என மருத்துவர் ஜான் சுனோ எடுத்துக்காட்டினார். அப்பம்பின் கிணற்றை ஒட்டி மூன்றடித் தொலைவில் ஒரு பழைய மலக்குழி இருந்தது பின்னர் தெரியவந்தது. அந்நீர் சுவையாகவும் தெளிவாகவும் இருந்ததாகவே மக்கள் கருதினர். வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பார்த்து 'நம் போர் தண்ணீர் கண்ணாடிபோல இருக்கிறது' என்று மகிழ்வோர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். கொதிக்க வைத்தால் கிருமி அழியும். ஆனால் கழிவிலிருந்து ஊறும் நைட்ரேட் உப்பு கொதித்தாலும் நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். கைக்குழந்தைகளின் குருதிக்கு உயிர்க்காற்றைச் சுமக்கும் ஆற்றலை அது குறைக்கிறது.

மாடி எழுந்தது, தொட்டி வளரவில்லை

இன்னொரு கணக்கும் உண்டு. ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் என்பது திட்ட அளவு. அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராக வெளியேறுகிறது. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு இது 540 லிட்டர். 3000 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டியில் அந்நீர் ஐந்து நாள்களுக்கு மேல் தங்கும், பழுதில்லை. பின்னர் பிள்ளையின் திருமணத்துக்காக முதல் மாடி எழுகிறது. வாடகைக்காக இரண்டாம் மாடியும் எழுகிறது. மூன்று குடும்பங்கள், 1620 லிட்டர். தொட்டியோ பழைய தொட்டியே. பத்தாண்டுகளாக வாராமல் விட்டதால் பாதி மண்டியால் நிறைந்திருக்கிறது. எஞ்சிய 1500 லிட்டர் இடத்தில் நீர் ஒரு நாள்கூடத் தங்குவதில்லை. மலம் அரைகுறையாகச் சிதைந்து அப்படியே உறிஞ்சு குழிக்குச் செல்கிறது. குழியின் கண்கள் அடைபடுகின்றன. நீர் எதிர்த்து வருகிறது. அப்போது கொத்தனார் ஒருவர் எளிய வழி கூறுகிறார்: தெருவில் உள்ள மழைநீர் வடிகாலில் ஒரு குழாயைச் சொருகிவிடலாம் என்கிறார். இரவோடு இரவாக வேலை முடிகிறது.

அக்குழாயே நம் ஊர்களின் பெருங்குற்றம். மழைநீர் வடிகால் தூய்மை நிலையத்துக்குச் செல்வதன்று. வடசென்னையில் அந்நீர் பக்கிங்காம் கால்வாய்க்கும் கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் செல்லும். அங்கே இறால் பிடித்து வாழும் மீனவர்கள் உள்ளனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணெய்ப் படலம் அக்கழிமுகத்தில் பரவியபோது, ஆலையை நோக்கி நாம் அனைவரும் விரல் நீட்டினோம். நீட்டியது முறையே. ஆனால் நாள்தோறும் நம் வீட்டிலிருந்து செல்லும் நீரை நோக்கி நீட்ட ஒரு விரலாவது மிச்சமிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளவும் வேண்டும்.

தாழ்ந்த நிலப்பகுதிகளில் மழைக்காலம் தனிச் சோதனை. நிலத்தடி நீர் ஏறும்போது உறிஞ்சு குழி நீரை வாங்காது, மாறாகக் கொடுக்கும். மூடி சரியில்லாத தொட்டிக்குள் வெள்ளம் புகுந்தால் மண்டி கிளறப்பட்டுத் தெருநீரில் கலக்கும். வெள்ளம் வடியுமுன் தொட்டியை முழுவதும் வெறுமையாக்குவதும் தவறு. சுற்றியுள்ள நீரின் அழுத்தம் வெறுந்தொட்டியை, குறிப்பாகப் பிளாஸ்டிக் தொட்டியை, மேலே தூக்கிவிடும். ஆதலால் வாருவதைக் கோடையிலேயே முடித்துவிடுவது அறிவுடைமை.

மூடியைத் திறக்கும் மனிதர்

இவை யாவற்றினும் பெரிய குற்றம் ஒன்று உண்டு. தொட்டியை வார மனிதரை உள்ளே இறக்குவது அது. மூடிய தொட்டியில் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகின்றன. ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றமுடையது. ஆனால் செறிவு மிகும்போது மூக்கின் உணர்வையே அது கொன்றுவிடும். நாற்றமில்லை, ஆகவே ஆபத்தில்லை என்று நம்பி இறங்குபவர் ஓரிரு மூச்சில் சரிவார். அவரைக் காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரும், அவரை மீட்க இறங்கும் மூன்றாமவரும் அவ்வாறே மாள்வர். செய்தித்தாள்களில் இரண்டு பேர், மூன்று பேர் எனச் சேர்ந்தே செய்தி வருவது இதனாலேயே. இத்தகைய சாவுகள் மிகுதியாகப் பதிவான மாநிலங்களின் வரிசையில் தமிழ்நாடு முன்னிடத்தில் இருப்பது நமக்குத் தலைகுனிவு.

2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புக் கருவிகளின்றி மனிதரைத் தொட்டியிலோ சாக்கடையிலோ இறக்குவதைக் குற்றமாக்கியது. 1993 முதல் இவ்வாறு மாண்டோரின் குடும்பங்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் 2014-இல் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. சட்டம் ஒருபுறம் இருக்க, மனச்சான்றிடம் கேட்போம். பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுது சமத்துவம் பேசும் நாம், நம் கழிவில் இறங்க ஒரு குறிப்பிட்ட சாதியில் பிறந்த ஏழையைத் தேடுவது எவ்வகை நீதி? லாரிக்குக் கொடுக்கும் பணத்தில் சில நூறு மிச்சமாகும் என்பதற்காக ஓர் உயிரைப் பணயம் வைப்பதை எந்த மார்க்கம் ஏற்கும்?

மாற்றுக் கருத்துக்கு மறுமொழி

'இவையெல்லாம் அரசின் வேலை. பாதாளச் சாக்கடை வந்துவிட்டால் எல்லாம் தீரும்' என்பார் உளர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. அரைக் கிரவுண்டு மனைகள் நெருங்கிய பகுதிக்குப் பொதுக் குழாயே இறுதித் தீர்வு என்பதை மேலே கண்ட கணக்கே மெய்ப்பிக்கிறது. அதனைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. ஆனால் குழாய் தெருவுக்கு வந்த பின்னும் இணைப்புக் கட்டணத்துக்கு அஞ்சிப் பழைய குழியிலேயே காலம் தள்ளும் வீடுகள் எத்தனை! வரும் வரையிலும் நாள்தோறும் 540 லிட்டர் எங்கோ சென்றுகொண்டுதான் இருக்கிறது. அதற்குப் பொறுப்பு அரசுடையதாக மட்டும் இருக்க இயலாது.

'வசதியற்றவர் என்ன செய்வார்' என்பது இரண்டாவது வினா. இதுவே நியாயமான வினா. இதற்கு விடை தனிமனிதரிடம் இல்லை, ஜமாஅத்திடம் உண்டு.

நாம் செய்யத்தக்கவை

ரமலான் வருமுன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது நம் வழக்கம். அதனோடு தொட்டியின் மூடி, காற்றுக் குழாயின் வலை ஆகியவற்றையும் பார்த்துவிடும் வழக்கத்தை ஏற்படுத்துவோம். இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியை அழைத்து வாரச் செய்வோம். மனிதர் இறங்க வேண்டாம். உறிஞ்சு குழாய் மட்டும் இறங்கட்டும். இதற்கென 14420 என்னும் உதவி எண்ணும் உண்டு. லாரி எங்கே கொட்டப்போகிறது என்று கேட்பதற்கு நாணவேண்டியதில்லை. குடிநீர் வாரியம் குறித்த இடத்தில் கொட்டாமல் ஏரிக்கரையில் கொட்டினால், கூலி கொடுத்த நாமும் அதில் பங்காளிகளே.

பினாயிலையும் ஆசிட்டையும் வாளி வாளியாக ஊற்றுவது தூய்மையன்று. தொட்டியின் நுண்ணுயிர்களை அழித்து அதன் வேலையைக் கெடுப்பதே ஆகும். சமையல் எண்ணெய், மாதவிலக்குத் துணி, பிளாஸ்டிக் ஆகியவற்றைத் தொட்டிக்கு அனுப்பலாகாது. மாடி எழுப்பும்போது வரைபடத்தில் தொட்டியின் அளவும் மாறியிருக்கிறதா எனப் பெரியவர்கள் கேட்கவேண்டும்.

பள்ளிவாசல்கள் வழிகாட்டலாம். ஒளூ நீரில் மலமும் இல்லை, கொழுப்பும் இல்லை. அதனைக் கழிப்பறைத் தொட்டியில் சேர்த்து அதன் பாரத்தைக் கூட்டாமல் தனிக் குழாயில் பிரித்து, மணலும் சரளையும் இட்ட குழி வழியாக மரங்களுக்குப் பாய்ச்சலாம். ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் நீரை வீண்விரயம் செய்யலாகாது என்ற போதனைக்கு அது கண்கண்ட விளக்கமாக அமையும். பைத்துல் மால் நிதியில் ஒரு சிறு பகுதியை, ஏழைக் குடும்பங்களின் தொட்டி வாரும் செலவுக்கும் பாதாளச் சாக்கடை இணைப்புக் கட்டணத்துக்கும் ஒதுக்கலாம். தண்ணீர்ப் பந்தல் வைப்பது தருமம் என்றால், தண்ணீர் கெடாமல் காப்பதும் தருமமே.

மாணவர்க்கும் பணி உண்டு. தம் தெருவில் எத்தனை தொட்டிகள், எத்தனை கிணறுகள், இடையே எத்தனை அடி என ஒரு நாடாவைக் கொண்டு அளந்து வரைபடம் ஒன்று தீட்டட்டும். ஆசிரியர்கள் அதனைச் செய்முறைப் பயிற்சியாக ஏற்கட்டும். அவ்வரைபடத்தைக் கண்ட பின் எவரும் 'என் மனை, என் குழி' என்று பேசத் துணியார்.

சுருங்கையைப் பாடிய மொழியைக் கற்கிறோம்; தூய்மையைக் கடமையாக்கிய மார்க்கத்தைப் பின்பற்றுகிறோம். இவ்விரண்டும் நம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் உள்ள அந்த ஒரு மூடியின் அருகே வந்து சேரவேண்டும். நம்மால் அண்டை வீட்டாருக்கோ, நமக்காக உழைக்கும் எளியவருக்கோ தீங்கு நேராத வாழ்வை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!